தி. நகர் பேய் வீட்டில் மண்ணாங்கட்டி

மண்ணாங்கட்டி ஒன்றை முடிவு செய்துவிட்டால் அப்புறம் அந்தக் கடவுளே இறங்கி வந்து பஞ்சாயத்து பேசினாலும் வேலைக்கு ஆகாது. இது பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம் குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அபிராமபுரத்தில் அவளிடம் மீன் வாங்குகிற வீடுகளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் விஜயராகவன் ஒருநாள், "மீன் கூடையோட லிஃப்ட்ல ஏறாதம்மா, பின்பக்கப் படி வழியா வா" என்று சொல்லிவிட்டார். "சரி சார்" என்றாள். அன்றிலிருந்து லிஃப்டிலும் ஏறவில்லை, பின்பக்கப் படியிலும் ஏறவில்லை. வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் கூடையை இறக்கி வைத்து ஒரு குரல் கொடுப்பாள். வேண்டியவர்கள் இறங்கி வரட்டும். வந்தார்கள். கொஞ்ச நாளில் விஜயராகவனும் கையில் பாத்திரத்தோடு வந்து நின்றார்.

இந்தப் பேர் ஏன் என்று கேட்காத ஆள் கிடையாது. அவளுக்கு முன்னால் பிறந்த அண்ணன்மார் இரண்டு பேரும் தொட்டிலிலேயே போய்விட்டார்கள். மூன்றாவதாக இவள் பிறந்ததும் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து, "இது ஒண்ணுத்துக்கும் ஒதவாத மண்ணாங்கட்டி" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி பேர் வைத்தார்கள். எமனோ பேயோ காட்டேரியோ எது வந்தாலும், சே, மண்ணாங்கட்டியா என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போய்விட வேண்டும். போய்விட்டது போலத்தான் தெரிகிறது, ஐம்பது வயதுக்கு அவள் கல்லுக் குண்டு மாதிரி இருக்கிறாள். ஆனால் பள்ளிக்கூடத்தில், ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், எங்கே அந்தப் பேரைக் கூப்பிட்டாலும் நாலு பேர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்த எரிச்சலில், தனக்குப் பெண் பிறந்தபோது யாரையும் கேட்காமல், மணக்க மணக்க இருந்த ஒரு சோப்பு உறையைப் பார்த்துச் சந்திரிகா என்று பேர் வைத்தாள். புருஷன் நந்தகுமார் கடலுக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் பேர் வைத்தாயிற்று. அவர் சாதுவான மனுஷன், நல்ல பேர் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

அந்தச் சந்திரிகாதான் இப்போது தலைவலியாகி நின்றாள்.

பி.காம். படித்தாள். தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப்போடும் வேலைக்குப் போனாள். காலை முதல் நின்றபடியே இருக்க வேண்டும், சூப்பர்வைசர் வாய் ஓயாமல் திட்டுவான். ஒருநாள் திடீரென்று அதை விட்டுவிட்டு, பாண்டி பஜாருக்குப் பின்பக்கத் தெருவில் புதிதாகத் திறந்திருந்த பேய் வீட்டில் பேயாக வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். காசு கொடுத்து உள்ளே போனால் இருட்டு அறையில் போட்டுப் பூட்டுவார்களாம். சாவி கண்டுபிடித்து அறை அறையாகத் தாண்டி வெளியே வர வேண்டுமாம். நடுவில் ஆட்களே பேய் வேஷம் போட்டு வந்து அலற வைப்பார்களாம். மண்ணாங்கட்டிக்கு இதைக் கேட்டதும் சிரிப்புதான் வந்தது. காசு கொடுத்து பயப்படுகிற ஜனங்களும் ஊரில் இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு விட்டுவிட்டாள்.

சிரிப்பு நின்றது எப்போது என்றால், ராயபுரத்திலிருந்து சந்திரிகாவுக்கு ஒரு வரன் வந்தபோது. பையன் ஏ.சி. மெக்கானிக், குடி கிடையாது, நல்ல குடும்பம். எல்லாம் கூடி வந்த நேரத்தில் பையனின் அம்மா தங்கம் போன் பண்ணினாள். யாரோ எடுத்துப் போட்ட வீடியோவில் தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு, கண் வெள்ளை வெள்ளையாக, தரையில் நாலு காலால் ஊர்ந்து வருவது சந்திரிகாதானே என்று கேட்டாள். "வேற வேலன்னா பரவால்ல. பேயா ஆடற பொண்ண எப்டி மருமவளா கூட்டிகினு வர்றது? நிறுத்தச் சொல்லுங்க. நிறுத்தியாச்சுன்னு சொல்லுங்க, அடுத்த நாளே பூ வெக்க வர்றோம்."

மண்ணாங்கட்டி அன்றைக்கே மகளைப் பிடித்தாள்.

"நாளைலேர்ந்து போவாத."

"போவேன்."

"கல்யாணம் ஆவற பொண்ணு, சாவு வேஷம் கட்டிகினு ஆடினா நல்லாவா கீது? வாயால சொல்றதே பலிக்கும்ன்றாங்க. நீ தெனமும் செத்துச் செத்து எழுந்துகினு கீற."

"நீ வந்து பாத்தியா? பாக்காமலே பேசாத."

அம்மாவுக்குப் பெண் தப்பாமல் பிறந்திருந்தாள், அதுதான் வம்பு. இரண்டு பேரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். சோறு பொங்குவதில்லை, பேச்சு இல்லை. கடைசியில் சந்திரிகாதான் ஒரு பந்தயம் சொன்னாள். உள்ளே பயமாயிருக்கிறது என்றால் 'போதும்' என்று சத்தமாகச் சொல்ல வேண்டும், விளக்கைப் போட்டு வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். அம்மா அந்த வார்த்தையைச் சொல்லாமல் கடைசிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டால், சந்திரிகா அன்றைக்கே வேலையை விட்டுவிடுவாள். நடுவில் சொல்லிவிட்டால், அப்புறம் அம்மா இந்த வேலையைப் பற்றி மூச்சு விடக்கூடாது.

"அம்மான்னு பாக்க மாட்டேன்" என்றாள் சந்திரிகா.

"பாக்காத" என்றாள் மண்ணாங்கட்டி. "நானும் பொண்ணுன்னு பாக்க மாட்டேன்."

வியாபாரம் முடிந்த ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், குளித்து, நல்ல புடவையாக ஒன்று கட்டிக்கொண்டு கிளம்பினாள். தனியாகப் போக வேண்டாம் என்று பக்கத்து வீட்டு ஜெனிதாவும் கூட வந்தாள். இருவரும் ஒரே இடத்தில்தான் மீன் ஏலம் எடுப்பார்கள். ஜெனிதா வாயாடி, கழுத்தில் ஜெபமாலை, நெஞ்சில் தைரியம் கொஞ்சமும் கிடையாது. பஸ் முழுக்க, "க்கா, நான் கீறேன் இல்ல, இன்னாத்துக்கு பயம்?" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஜெயித்தாக வேண்டும் என்ற ஒன்றைத் தவிர மண்ணாங்கட்டியின் மண்டையில் வேறு எதுவுமே ஓடவில்லை.

பேய் வீடு என்றால் இடிந்த பங்களாவாக இருக்கும் என்று ஜெனிதா நினைத்திருந்தாள். அதுவோ கீழே ஜூஸ் கடையும் ஒன்றாம் மாடியில் தையல் கிளாஸும் இருக்கிற கட்டடத்தின் இரண்டாம் மாடி. ஏ.சி. போட்ட முன்னறையில் மேனேஜர் சஃப்வான் உட்கார்ந்திருந்தான். தாடி வைத்த சின்ன வயசுப் பையன்தான், மரியாதையாகப் பேசினான்.

"ஆன்ட்டி, பேர் சொல்லுங்க."

"மண்ணாங்கட்டி."

முன்னமே ஜெனிதாவின் பேரை எழுதிக்கொண்டிருந்த அவன் நிமிர்ந்து பார்த்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டான், அதற்கே அவனுக்கு ஒரு மார்க் போடலாம்.

"இன்னாத்துக்கு சிரிக்கிற நைனா? பேய் பிசாசு அண்டக்கூடாதுன்னு வெச்ச பேரு. உன் வூட்ல எத்தினி பேய் கீதோ, எதுவும் எங்கிட்ட வராது."

"சரிங்க ஆன்ட்டி. உள்ள ஆக்டர்ஸ நீங்க தொடக்கூடாது, அவங்களும் உங்களைத் தொட மாட்டாங்க. அவங்க பேச மாட்டாங்க. நாங்க கேமராவுல பாத்துட்டே இருப்போம், முடியலன்னா போதும்னு..."

"அதெல்லாம் எனக்கு வாணாம். கதவத் தொற."

உள்ளே மூடிப்போன பழைய ஆஸ்பத்திரி மாதிரி செய்து வைத்திருந்தார்கள். பினாயில் வாசனை, துருப்பிடித்த கட்டில், மினுக் மினுக்கென்று ஒரே ஒரு சிவப்பு பல்பு. பின்னால் கதவு படாரென்று மூடிக்கொண்டதும் ஜெனிதா அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். மேலே எங்கிருந்தோ ஒரு குரல் கிசுகிசுத்தது. "மண்ணாங்கட்டி... மண்ணாங்கட்டி..."

"அதுக்குள்ள பேரு உனுக்கும் வந்துட்ச்சா?" என்று மேலே பார்த்துக் கத்தினாள் மண்ணாங்கட்டி.

குரல், "ஜெனிதா..." என்றது.

அவ்வளவுதான். "யேசுவே! போதும், போதும், போதும்!" என்று ஜெனிதா போட்ட சத்தம் கீழே ஜூஸ் கடைக்கே கேட்டிருக்கும். விளக்கு எரிந்தது, பக்கவாட்டில் ஒரு கதவு திறந்தது, ஜெனிதா திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிப்போனாள். விளக்கு மறுபடி அணைந்தது. நல்ல துணைதான் வந்தாள் போங்கள்!

இழுப்பறை இழுப்பறையாகத் துழாவி முதல் சாவியைக் கண்டுபிடித்தாள். இரண்டாவது அறையில் ஆபரேஷன் மேஜை. அதன் மேல் வெள்ளைத் துணி போர்த்திய உருவம். மண்ணாங்கட்டி மேஜைக்கு அடியில் சாவி தேடக் குனிந்தபோது துணி எழுந்தது. முகத்தில் தையல் போட்ட டாக்டர், கையில் கத்தி, காதைக் கிழிக்கிற அலறல். அவளுக்கு நெஞ்சு திக்கென்றதா என்றால் திக்கென்றது, பொய் சொல்வானேன். ஆனால் பயம் வந்தால் அவளுக்குக் கால் ஓடாது, கைதான் முன்னால் போகும். கை போய்க் கத்தியைப் பிடுங்கிவிட்டது.

"இன்னாடா இது, ரப்பரு!"

டாக்டர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். அவன் பேர் அசோகன் என்பதும், ஆதம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவன் என்பதும் பிற்பாடு தெரிந்தது. கூரையிலிருந்து ஸ்பீக்கரில் சஃப்வானின் குரல், "ஆன்ட்டி, தொடக்கூடாது ஆன்ட்டி, ப்ளீஸ்" என்று கெஞ்சியது. மண்ணாங்கட்டி கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சாவி எங்க கீது, சொல்லு" என்று டாக்டரையே கேட்டாள். அவன் பேசக்கூடாது. ஆனால் கண் தானாகத் தலையணைப் பக்கம் போய்விட்டது, பாவம். சாவி தலையணைக்குள்தான் இருந்தது.

ஆகிவிட்டது, இன்னும் ஒரே ஓர் அறை. பெற்ற பெண்ணைப் பார்த்துப் பயப்படப் போகிறோமா என்ன, முடியை விரித்தால் சந்திரிகா சந்திரிகா இல்லாமல் போய்விடுவாளா! மனசுக்குள் பூ வைக்கிற நாளைக்கூடக் குறித்துக்கொண்டுதான் கதவைத் தள்ளினாள்.

மூன்றாவது அறை பிரசவ வார்டு. நடுவில் ஒரு தொட்டில், காலியாக, தானாக ஆடிக்கொண்டிருந்தது. அதற்குள் சாவி தெரிந்தது. அந்தப் பக்கம் சுவரில் கடைசிக் கதவு. மண்ணாங்கட்டி நேராகப் போய்ச் சாவியை எடுத்தாள். எடுத்து நிமிர்ந்தபோது கட்டிலுக்குப் பின்னாலிருந்து அது எழுந்தது.

வெள்ளைக் கண். வாய் ஓரத்தில் ரத்தம். முட்டிக்கால் வரை தொங்கும் முடி. இதெல்லாம் வீடியோவில் பார்த்ததுதான், இதற்கெல்லாம் அவள் தயாராகத்தான் வந்திருந்தாள். ஆனால் வீடியோவில் வயிறு தெரியவில்லை. நிறைமாத வயிறு. அதைப் பிடித்துக்கொண்டு, இடுப்புக்குக் கீழே உடை முழுக்கச் சிவப்பாக, கால் இரண்டும் அகன்று, முக்கி முனகிக்கொண்டு அது நடந்து வந்தது.

பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்தவள்! குப்பத்தில் மற்ற பேய்களைச் சொல்லிப் பிள்ளைகளைச் சாப்பிட வைப்பார்கள், விளையாடுவார்கள். இந்தப் பேச்சை மட்டும் எடுக்கவே மாட்டார்கள். மண்ணாங்கட்டியின் சித்தி மகள் அப்படித்தான் போனாள், அந்த வீட்டில் இன்றைக்கும் அவள் பேரைச் சொல்வதில்லை. நாளைக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பெற வேண்டிய பெண், அந்தக் கோலத்தில், தினமும்! இது வேஷம்தானா? வேஷம் என்றால் அந்த முனகல் எங்கிருந்து வருகிறது? அது சந்திரிகாவின் குரலே இல்லை. தன் வயிற்றில் பிறந்தவளின் உடம்புக்குள் வேறு எவளோ இருந்து முனகுவது போல இருந்தது. மண்ணாங்கட்டி அதை விட்டுக் கண்ணை எடுக்காமல் கடைசிக் கதவுப் பக்கம் நகர்ந்து நகர்ந்து போனாள்.

கதவு கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. சாவியைப் போட்டுத் திருப்பினால் ஜெயித்தாயிற்று. போட்டாள். திருப்பத்தான் கை வரவில்லை. பிள்ளையை இந்த நிலைமையில் விட்டுவிட்டுத் தான் மட்டும் வெளியே போய் ஜெயிப்பதா என்று இருந்தது.

குப்பத்தில் யார் மேலாவது பேய் இறங்கிவிட்டால் எடுத்ததும் வேப்பிலையைத் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள். வயதான பொம்பளை ஒருத்தி எதிரில் உட்கார்ந்து முதலில் பேசுவாள். யார் நீ, எங்கிருந்து வந்தாய், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்பாள். கோழி கேட்டால் கோழி, புடவை கேட்டால் புடவை, கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். தருகிறேன் என்று வாய் விட்டுச் சொல்லிவிட்டுப் பின்வாங்கினால், அது பிடித்தவளை ஜன்மத்துக்கும் விடாது. இதில் விளையாட்டே கிடையாது.

மண்ணாங்கட்டி அந்தச் சிமெண்ட் தரையில் உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"யாரு நீ?" என்றாள்.

பேய் இரண்டடி முன்னால் வந்து பல்லைக் காட்டியது.

"உதாரெல்லாம் வாணாம். எங்கேர்ந்து வந்த? எம் பொண்ண இன்னாத்துக்குப் புடிச்ச?"

முனகல் கொஞ்சம் தடுமாறியது. ஸ்பீக்கரில் யாரோ தொண்டையைச் செருமினார்கள், அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

"இன்னா வேணும் உனுக்கு? வாயத் தொறந்து கேளு. எதுவா இருந்தாலும் கேளு, நான் தரேன். இந்த மண்ணாங்கட்டி சொன்னா சொன்னதுதான். வாங்கிகினு எம் பொண்ண வுட்டுட்டுப் போயிடு." கடைசி வார்த்தைகளில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. துடைக்கவில்லை, அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேய் நின்றுவிட்டது. வயிற்றைப் பிடித்திருந்த கை கீழே இறங்கியது. முடிக்குள்ளிருந்து குரல் வந்தபோது அது சந்திரிகாவின் குரலாகவே இருந்தது.

"எனக்கு இந்த வேல வேணும்மா."

மண்ணாங்கட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

"அந்தத் துணிக்கடையில காலைலேர்ந்து பயந்து பயந்தே செத்தேன். சூப்பர்வைசரப் பாத்து பயம், வர்றவங்களப் பாத்து பயம், உக்காந்தா பயம். இங்க வந்து ஒரு சத்தம் போட்டா, எம்மாம் பெரிய ஆளும் ஓடறான். நல்லா பண்றேம்மா நான். எல்லாரும் சொல்றாங்க." சந்திரிகாவுக்கும் அழுகை முட்டியது, கண்ணில் போட்ட வெள்ளை வில்லை வழியாக நீர் இறங்கியது. "இத்தினி வருசத்துல என்னை ஒரு தபா கேட்டியா நீ, இன்னா வேணும்னு? பேய்னு நெனச்சாத்தான் கேப்பியா?"

அந்த அறையில் அத்தனை நேரம் வராத வேறொரு பயம் அப்போதுதான் மண்ணாங்கட்டிக்கு வந்தது. பேர் வைத்தபோது கேட்கவில்லை. அது குழந்தை, சரி. பி.காம். சேர்த்தபோதும் கேட்கவில்லை, ஜவுளிக்கடையில் கொண்டுபோய் விட்டபோதும் கேட்கவில்லை, ராயபுரத்துப் பையனை முடிவு செய்தபோதும் கேட்கவில்லை. எல்லாம் தானே பார்த்து, தானே ஒற்றைக்காலில் நின்று, நல்லதுக்குத்தான் செய்தாள். நல்லதுக்குத்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் கேட்கவில்லையே! அவளுக்குத் தன்மேலேயே கோபமாக வந்தது.

எழுந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். கதவுக்குப் போய்ச் சாவியைத் திருப்பினாள்.

வெளியே முன்னறையில் ஜெனிதா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "ஜெயிச்சிட்ட க்கா! எனக்குத் தெரியும், நீ ஜகா வாங்க மாட்டன்னு!" அசோகன் ரத்தக்கறை கோட்டோடு வந்து கை தட்டினான். சஃப்வான் கேமராவுக்கு முன்னாலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தான், கண் கலங்கியிருந்தது. பின்னாலேயே சந்திரிகா வந்தாள். தலையைக் குனிந்துகொண்டு, "பந்தயம் பந்தயம்தான். நாளைலேர்ந்து வரமாட்டேன்னு சஃப்வான் சார்கிட்ட சொல்லிடறேன்" என்றாள்.

"நீ ஒண்ணும் சொல்லாத" என்றாள் மண்ணாங்கட்டி. "போன எடு. ராயபுரத்துக்குப் போடு."

"அம்மா..."

"போடுன்றேன் இல்ல?"

தங்கம் இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். மண்ணாங்கட்டி போனைக் காதில் வைக்காமல் வாய்க்கு எதிரில் பிடித்துக்கொண்டு, ஏலத்தில் கூவுகிற குரலில் பேசினாள். "நான்தான் சந்திரிகா அம்மா. எம் பொண்ணு வேலைய வுடாது. ஆமா, பேய் வேலதான். நான் உள்ள போய் எங் கண்ணால பாத்துட்டுதான் பேசறேன். எனக்கே நடுங்கிட்ச்சு, அம்மாம் நல்லா பண்றா."

"யோசிச்சுச் சொல்றோம்" என்றாள் தங்கம்.

"யோசிங்க. பையனையும் ஒரு வார்த்த கேளுங்க, அதுக்கு இன்னா வேணும்னு. எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். சந்திரிகா முகத்துச் சாயமெல்லாம் வழிய நின்றாள், அம்மாவைத் தொடலாமா வேண்டாமா என்று கை பாதி வழியில் நின்றது. மண்ணாங்கட்டி அந்தக் கையைப் பிடித்து இழுத்து, தோளோடு சேர்த்து ஒரு அணைப்பு அணைத்தாள். நடுவில் அந்த வயிறு இடித்தது. தலையணை. அதை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுச் சஃப்வானைப் பார்த்தாள்.

"நைனா, கேட்டுக்கோ. எம் பொண்ணு எந்தப் பேயா வேணும்னாலும் ஆடட்டும். கொள்ளிவாய்ப் பேயா ஆடட்டும், மோகினியா ஆடட்டும். இந்த வயிறு மட்டும் வாணாம். இப்பவே கழட்டு."

சஃப்வான் தலையைச் சொறிந்தான். "ஆன்ட்டி, கதையே பிரசவ ஆஸ்பத்திரிதான். அந்த ரூம், அந்தத் தொட்டில், ஸ்க்ரிப்ட் எல்லாமே அத வெச்சுதான் எழுதியிருக்கு. வயித்த எடுத்துட்டா மொத்தக் கதையையும் மாத்தணும்."

மண்ணாங்கட்டி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"மாத்து" என்றாள்.